ஓம் குறைந்தால் சூடு கூடுமா?

சால்டர் புகை: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டைப்-சி கேபிளில் ஓடும், ஈயம் பற்ற வைக்கிற பேனா சைஸ் சால்டரிங் அயர்னைப் பற்றித்தான். முப்பது வருஷத்துக்கும் மேலாகத் தாராவி 90 அடி ரோட்டில் ரிப்பேர் கடை வைத்திருக்கிற எனக்கே அது கைக்குப் பழக ஆறு மாதம் ஆனது. அதனால் மற்ற கேள்விகள் அடுத்த மாதத்துக்கு.

அண்ணாச்சி, நான் செம்பூரில் இன்ஜினியரிங் படிக்கிறேன். பைன்சில் என்ற டைப்-சி அயர்ன் வைத்திருக்கிறேன். முதலில் 8 ஓம் மின்தடை உள்ள டிப் (ஹீட்டரோடு சேர்ந்த, கழற்றி மாட்டும் முனை) போட்டிருந்தேன். ஓம் குறைந்தால் சீக்கிரம் சூடாகும் என்று 6.2 ஓம் ஷார்ட் டிப் வாங்கினேன். வீட்டில் 65 வாட் லேப்டாப் சார்ஜரில் பறக்கிறது. ஹாஸ்டலில் 30 வாட் சார்ஜரில் போட்டால் பழைய டிப்பைவிட மந்தம். டிப் போலியா?
– செம்பூர் வாசகர்

போலி இல்லை தம்பி. டிப்பும் சரி, சார்ஜரும் சரி. இரண்டுக்கும் பொருத்தம்தான் இல்லை.

சார்ஜரைத் திருப்பி, எறும்பு எழுத்தில் இருப்பதைப் படி. கண்ணுக்குத் தெரியாவிட்டால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிக்கொள். நான் அப்படித்தான் செய்கிறேன். 30 வாட் சார்ஜர் என்றால் பெரும்பாலும் 5 வோல்ட் 3 ஆம்ப், 9 வோல்ட் 3 ஆம்ப், 15 வோல்ட் 2 ஆம்ப், 20 வோல்ட் 1.5 ஆம்ப் என்று இருக்கும். சிலதில் 12 வோல்ட்டும் உண்டு, ஆனால் அது கட்டாயம் கிடையாது. அயர்ன் கேட்கக்கூடியது இந்த வரிசையில் இருப்பதைத்தான்.

இப்போது கணக்கு. வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்ப். உன் 8 ஓம் டிப் 15 வோல்ட்டில் 1.9 ஆம்ப் இழுக்கும். சார்ஜர் 2 ஆம்ப் தரும், ஆகவே சரி. 28 வாட் சூடு கிடைத்தது. 6.2 ஓம் டிப் அதே 15 வோல்ட்டில் 2.4 ஆம்ப் கேட்கும். சார்ஜரால் முடியாது. அயர்னில் இருக்கும் மென்பொருள் டிப்பின் ஓமையும் சார்ஜரின் பட்டியலையும் பார்த்து, 'இது தாங்காது' என்று ஒரு படி கீழே, 9 வோல்ட்டுக்கு இறங்கிவிடுகிறது. 9 வோல்ட்டில் 6.2 ஓம் என்றால் வெறும் 13 வாட். நீ காசு கொடுத்து வாங்கிய டிப், சூட்டைப் பாதிக்கும் கீழே கொண்டுபோய்விட்டது.

வீட்டில் பறப்பதற்கும் இதே கணக்குதான். 65 வாட் சார்ஜர் 20 வோல்ட்டில் 3.25 ஆம்ப் வரை தரும். 8 ஓம் டிப் அதில் 2.5 ஆம்ப்தான் குடிக்கும், 50 வாட். மீதி 15 வாட் சார்ஜரிலேயே சும்மா கிடக்கும். 6.2 ஓம் டிப் 3.2 ஆம்ப் இழுத்து 64 வாட்டைத் தொடும். அளந்து தைத்த சட்டை மாதிரி. 45 வாட் சார்ஜர் இருந்தாலும் உனக்கு லாபமே: 20 வோல்ட்டில் அது தரும் 2.25 ஆம்ப் இரண்டு டிப்புக்குமே போதாது, இரண்டும் 15 வோல்ட்டுக்கு இறங்கும். அங்கே 3 ஆம்ப் கிடைப்பதால் 8 ஓம் 28 வாட், 6.2 ஓம் 36 வாட்.

கேபிளையும் பார். 3 ஆம்ப்புக்கு மேல் போக வேண்டுமானால் 5 ஆம்ப் கேபிள் வேண்டும். அதன் தலைக்குள் தன்னை அடையாளம் சொல்லும் ஒரு சிப் இருக்கும். அது இல்லாத கேபிளில் 65 வாட் சார்ஜரும் 3 ஆம்ப்போடு நின்றுவிடும். வோல்ட்டைச் சின்னச் சின்னப் படியாக மாற்றித் தரும் பிபிஎஸ் வசதியுள்ள சார்ஜராக இருந்து, அதைக் கேட்கத் தெரிந்த அயர்னும் இருந்தால், 9-க்கும் 15-க்கும் நடுவே ஒரு வோல்ட்டைப் பிடித்து ஓரளவு சமாளிக்கும்.

ஹாஸ்டலுக்குப் பழைய டிப்பையே எடுத்துப் போ.

ஐயா, ஜேபிசி கம்பெனியின் சி245 டிப்பைப் பெரிய சால்டரிங் ஸ்டேஷனில் பார்த்தேன். இரண்டு விநாடியில் ஈயம் உருகுகிறது. அதன் மின்தடை 2.5 ஓம் அளவுதான் என்றார்கள். ஒரு அடாப்டர் செய்து அதை யூஎஸ்பி அயர்னில் மாட்டலாமா? விட்டு விட்டு கரண்ட் கொடுத்தால் சராசரி குறைந்துவிடுமே?
– முலுண்ட் வாசகர்

ஆசை நியாயமானது. எனக்கும் வந்தது, ஒரு சார்ஜர் சட்டென்று அணைந்து அணைந்து எரிந்ததைப் பார்த்துவிட்டு அதைக் கைவிட்டேன்.

20 வோல்ட்டை 2.5 ஓமில் போட்டால் 8 ஆம்ப், 160 வாட். டைப்-சி கேபிளில் எந்தக் கணக்கிலும் 5 ஆம்ப்தான் உச்சம். புதிதாக வந்த 240 வாட் வகையில்கூட வோல்ட்டைத்தான் 48-க்கு ஏற்றியிருக்கிறார்கள், ஆம்ப்பை அல்ல. விட்டு விட்டுக் கொடுத்தால் சராசரி குறையும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'விட்ட' நொடியைச் சார்ஜர் கணக்கில் எடுப்பதில்லை. 'கொடுத்த' நொடியில் முழு 8 ஆம்ப் பாய்கிறது, அதைப் பார்த்தே அது கதவைச் சாத்துகிறது. பேனா அளவு அயர்னுக்குள் அந்த அடியை வாங்கிக்கொள்ளும் பெரிய கண்டன்சருக்கு இடமில்லை.

சரியான வழி ஒன்று உண்டு. இடையில் வோல்ட்டைக் குறைத்து ஆம்ப்பைக் கூட்டும் சர்க்கியூட் வேண்டும். சார்ஜரிடம் 20 வோல்ட், 5 ஆம்ப் வாங்கி, டிப்புக்கு 15.8 வோல்ட், 6.3 ஆம்ப் என மாற்றிக் கொடுத்தால், 2.5 ஓம் டிப் 100 வாட்டையும் தின்னும் (சர்க்கியூட்டின் நஷ்டத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்). அதற்கென்றே செய்த பொருளை வாங்குங்கள். வெறும் அடாப்டர் வேண்டாம். பைன்சில் வகை டிப்பில் ஹீட்டரும் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிளும் ஒரே ஜோடி கனெக்ஷனில் வரிசையாக இருக்கின்றன, சி245-ல் கனெக்ஷன் வேறு மாதிரி. மாட்டினாலும் சூட்டை ஒழுங்காகப் படிக்காது.

அண்ணா, லாமிங்டன் ரோட்டில் டிப் வாங்கினேன். எத்தனை ஓம் என்று கேட்டால் கடைக்காரர் முறைக்கிறார். நானே எப்படி அளப்பது?
– டோம்பிவிலி வாசகி

முறைத்தால் முறைக்கட்டும் அம்மா, மல்டிமீட்டரைக் கையோடு கொண்டு போங்கள். 'லோ ஓம்' என்று சொல்லி எனக்கே ஒருவர் சாதாரண 8 ஓமைக் கட்டிவிட்டார். கிராண்ட் ரோடு ஸ்டேஷன் வரை நடந்து வந்த பிறகுதான் அளந்து பார்த்தேன். திரும்பிப் போகக் கால் வரவில்லை.

முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். 0.3 ஓம் காட்டினால் அது வயரின் கணக்கு, கடைசியில் கழித்துவிடுங்கள். எட்டும் ஆறும் பிரிய வேண்டிய இடத்தில் இந்த 0.3 சின்ன விஷயம் இல்லை. பிறகு டிப்பின் பின்பக்கத்து இரண்டு ஹீட்டர் கனெக்ஷன்களில் வைத்து அளங்கள். டிப் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூடாக இருந்தால் உள்ளே இருக்கும் தெர்மோகப்பிள் தானே கொஞ்சம் மில்லிவோல்ட் உண்டாக்கி மீட்டரை ஏமாற்றும்.

பவர் பேங்கில் போட்டுக் கோயில் கொடை மைக் செட் வயர் பற்ற வைத்தேன். ஈயம் முத்து முத்தாக நின்றதே தவிர ஒட்டவில்லை. குறைந்த ஓம் டிப் வாங்கட்டுமா?
– தாராவி வாசகர்

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியும், அந்த ஆம்ப்ளிஃபையருக்குப் பக்கத்தில் நானும்தான் நின்றேன். மழை, கரண்ட் இல்லை, பூசாரி வேறு அவசரப்படுத்துகிறார்.

உங்கள் அயர்னில் இருந்தது ஊசி முனை. ஸ்பீக்கர் வயரோ தடிமனான செம்பு, வைத்த சூட்டை எல்லாம் அதுவே உறிஞ்சிவிடும். ஊசி முனை வயரைத் தொடும் இடம் ஒரு புள்ளிதான். எத்தனை வாட் இருந்தாலும் அந்தப் புள்ளி வழியாகத்தான் இறங்க வேண்டும். 183 டிகிரியில் உருகுகிற சாதாரண 63/37 ஈயம்கூட அப்படி வைத்தால் சரியாக ஒட்டாத ட்ரை சால்டர்தான் ஆகும். அன்றைக்கு என் தட்டை முனையைக் கொடுத்தேனே, அதே பவர் பேங்கில் ஓடியதா இல்லையா? ஈயம் ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் கொஞ்சம் தடவி, முனையின் அகலப் பக்கத்தை வயரோடு படுக்க வைத்தேன், அவ்வளவுதான். முனையின் வடிவம் முதலில், ஓம் அப்புறம்.

அதோடு உங்கள் பவர் பேங்க் 9 வோல்ட் 2 ஆம்ப், 12 வோல்ட் 1.5 ஆம்ப் வகை. 8 ஓம் டிப் 12 வோல்ட்டில் சரியாக 1.5 ஆம்ப், 18 வாட் எடுக்கும். 6.2 ஓம் போட்டால் செம்பூர் தம்பிக்கு நடந்ததுதான் உங்களுக்கும்: 9 வோல்ட், 13 வாட். நடுவில் அது அணைந்துபோனதும் டிப்பின் குற்றமல்ல. அயர்ன் தூங்கினால் கரண்ட் இழுப்பது நின்றுவிடும். 'வேலை முடிந்தது' என்று பவர் பேங்கும் தூங்கிவிடும். அயர்ன் மெனுவில் அவ்வப்போது சின்னதாகக் கரண்ட் இழுத்து அதை எழுப்பி வைக்கிற வசதி இருக்கிறதா பாருங்கள்.

டிப்பில் விரல் பட்டால் லேசாக 'ஜிவ்' என்கிறது. ஆபத்தா?
– மாட்டுங்கா வாசகர்

சூடாக இருக்கும்போது தொடவில்லை என்று நம்புகிறேன். இரண்டு பின் சார்ஜரில் எர்த் கிடையாது. உள்ளே இருக்கும் சின்ன கண்டன்சர் வழியாக மெயின்ஸ் கொஞ்சம் கசிகிறது. நல்ல சார்ஜரில் அந்தக் கரண்ட் மிகக் குறைவு, ஆளுக்கு ஒன்றும் ஆகாது. மாஸ்ஃபெட் போன்ற நோஞ்சான் பாகங்களுக்கு ஆகலாம். அயர்னின் எர்த் பாயிண்ட்டிலிருந்து ஒரு 1 மெகா ஓம் ரெசிஸ்டர் வழியாக, தனியாக ஒரு மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னுக்கு வயர் இழுங்கள். பற்ற வைக்கிற போர்டின் பவரை எடுத்துவிட்டுத்தான் இதெல்லாம்.

ஒரே ஒரு டிப்தான் வாங்க முடியும். எதை வாங்க?
– ஆண்டாப் ஹில் வாசகர்

2.4 மில்லிமீட்டர் தட்டை முனை, டி24 என்று கேளுங்கள். 45 வாட்டோ அதற்கு மேலோ சார்ஜர் இருந்தால் 6.2 ஓம். இல்லாவிட்டால் 8 ஓம்.