முதலில் கான், பிறகு புல்

கேள்வி: ஐயா, தலவாக்கலைக்குப் பக்கத்தில் மேட்டை வெட்டி வீடு கட்டினோம். முன்பக்கம் 30 அடிக்கு 20 அடி வெறும் நிலம் கிடக்கிறது. மழை பெய்தால் இரண்டு நாளைக்குத் தண்ணீர் நிற்கிறது, கால் வைத்தால் செருப்பு மாட்டிக்கொள்கிறது. புல் துண்டு விற்பவர் நாலு அங்குலம் மணல் கொட்டி அதன்மேல் பதித்தால் சரியாகிவிடும் என்கிறார். செய்யலாமா?
(வாசகி, தலவாக்கலை)

பதில்: வேண்டாம் அம்மா. மணல் விற்கிற விலைக்கு அந்தக் காசைத் தண்ணீர் வடிந்து ஓடும் கான் வெட்டப் போடுங்கள். மணலுக்குள் இறங்கும் தண்ணீர் கீழே இருக்கிற களியைத் தொட்டதும் அங்கேயே நின்றுவிடும், புல்லின் வேரும் அந்த ஆழத்துக்குப் போய்த் தண்ணீரில் கிடந்து அழுகும். முதல் மாதம் பச்சையாகத்தான் இருக்கும், அப்புறம் மஞ்சளாகி, புல் இருந்த இடத்தில் பாசி பிடிக்கும்.

பக்கத்துத் தேயிலை மலையில் அதே மழைதான் பெய்கிறது, அங்கே இப்படிக் குளம் கட்டுவதில்லையே. உங்கள் முற்றத்தில் மேல்மண் போய்விட்டது. பெக்கோ இயந்திரம் வெட்டும்போது அடியில் இருந்த களிமண் மேலே வந்திருக்கும், அது ஈரமாக இருக்கும்போதே கல் லொறியும் சல்லி லொறியும் ஏறி இறங்கி இறுக்கியிருக்கும்.

மழை இல்லாத நாளில் ஒரு அடி ஆழம், ஒரு அடி அகலத்தில் குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்த பிறகு மறுபடி நிரப்பி, ஒரு குச்சியில் அடையாளம் வைத்துப் பாருங்கள். மணிக்கு ஒரு அங்குலமாவது இறங்கினால் மண்ணைக் கிளறிவிட்டாலே போதும். அரை அங்குலம்கூட இறங்காவிட்டால் கான் வேண்டும். நீங்கள் ஊற்றாமலே குழிக்குள் தண்ணீர் ஊறி வந்தால் அது மேல் மலையிலிருந்து வருவது, அதை முற்றத்துக்கு வரவிடாமல் வெட்டிய மேட்டின் அடியிலேயே மறிக்க வேண்டும். தேயிலை மலையில் குறுக்கே கான் வெட்டி, லேசான சரிவில் தண்ணீரை ஓரத்துக்குக் கொண்டுபோவார்களே, அதே வேலைதான். தோட்டத்தில் கான் வெட்டிப் பழகிய ஒருவரைக் கூப்பிட்டால் நிலத்தைப் பார்த்ததுமே வழி சொல்லிவிடுவார். கூரைப் பீலித் தண்ணீரையும் முற்றத்தில் விழவிடாதீர்கள்.

முற்றத்துக்கு அடியில் ஒன்றரை அடி ஆழம், முக்கால் அடி அகலத்தில் ஒரு வாய்க்கால் போதும். வடிகட்டும் துணி விரித்து, துளை போட்ட பிவிசி குழாய் வைத்து, முக்கால் அங்குலச் சல்லி நிரப்பித் துணியை மூடுங்கள். 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது குழாய் சரிய வேண்டும்.

அந்தத் தண்ணீர் எங்கே போய் முடிகிறது என்பதுதான் எனக்குக் கவலை. சமவெளியில் ஓரமாக ஒரு ஊறல் குழி தோண்டி அதில் விட்டுவிடுவார்கள். மலையில், பள்ளத்து விளிம்பிலோ தடுப்புச் சுவருக்குப் பின்னாலோ அப்படிச் செய்யாதீர்கள், மண் கனத்துச் சரியும். இருக்கிற கானில் கொண்டுபோய்ச் சேருங்கள், கீழ் வீட்டுக்காரருக்கும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். நிலத்தில் புதிதாக வெடிப்பு தெரிந்தால், சுவர் சாய்ந்தால், புல்லை மறந்துவிட்டு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவியுங்கள்.

சரி, மண் வேலை. காய்ந்த நாளில் தோட்ட வேலைக்கான இரும்பு முள்ளால் எட்டு அங்குலத்துக்குக் குத்திக் கிளறி, இரண்டு அங்குலம் மக்கிய கூட்டெரு போட்டுக் கலக்குங்கள். ஈரக் களியை மட்டும் தொடாதீர்கள், இன்னும் இறுகும். கொஞ்சம் மணல் கலப்பதாலும் பலன் இல்லை, களி அதை விழுங்கிவிடும். தேயிலை மண் புளிப்பு அதிகம், புல்லுக்கு அவ்வளவு ஆகாது, ஆகவே மண்ணைப் பரிசோதித்துவிட்டு, புளிப்பைக் குறைக்கும் டொலமைட் சுண்ணாம்புத் தூள் போடுங்கள். வீட்டிலிருந்து வெளிப்பக்கமாக 10 அடிக்கு இரண்டு அங்குலம் சரிவு வைத்து நிரவி, இரண்டு மூன்று மழையில் மண் அமர்ந்த பிறகு பள்ளங்களை நிரப்பிவிடுங்கள்.

உங்கள் பக்கம் மே மாதம் தென்மேல் பருவமழை பிடித்துவிடும், அதற்குள் வேர் ஊன்ற வேண்டுமென்றால் மார்ச் கடைசியில் பதியுங்கள். செங்கல் அடுக்குவதுபோல் மூட்டு மாற்றி, இடைவெளி இல்லாமல் சரிவுக்குக் குறுக்காக வைத்து, பலகை போட்டு அழுத்துங்கள். இரண்டு மூன்று வாரம் நடக்க வேண்டாம். ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்து, வராமல் பிடித்தால் வேர் விட்டுவிட்டது.

கேள்வி: பண்டாரவளையிலும் மார்ச்சில் பதிக்கலாமா? என்ன புல் நல்லது?
(வாசகர், பண்டாரவளை)

பதில்: பதிக்கலாம், ஆனால் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை உங்கள் பக்கம் மழையில்லாமல் காயும், தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். செப்டம்பரில் பதித்தால் அந்தச் செலவு குறையும், பெருமழைக்கு முன் வேரும் பிடித்துவிடும். ஈரமும் நிழலும் உள்ள இடத்துக்கு அகன்ற இலைப் புல் தாங்கும். பார்க்க அழகான மெல்லிய இலைப் புல்லுக்கு நல்ல வெயிலும் வடிகாலும் வேண்டும்.