கைவினை கேள்வி-பதில்: டின்னில் தொங்கட்டான், கரண்டியில் மோதிரம்

கேள்வி: குளிர்பான டின்னை வெட்டித் தொங்கட்டான் செய்கிறேன். கொக்கியைப் பசை போட்டு ஒட்டினால் சில நாளில் கழன்றுவிடுகிறது. ஈயப்பற்றும் பிடிக்கவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அலுமினியத்தின் மேல் எப்போதும் ஓர் ஆக்சைடு படலம் இருக்கும். சுரண்டினாலும் காற்றுப் பட்டதும் திரும்பப் படர்ந்துவிடும். ஈயம் பிடிக்காதது அதனால்தான். பசை கழல்வதற்குக் காரணம் வேறு. டின்னுக்கு வெளியே அச்சு மை, உள்ளே பிளாஸ்டிக் பூச்சு. பசை பிடிப்பது அந்தப் பூச்சைத்தான், உலோகத்தை அல்ல. நம்மூர் வெக்கையும் வியர்வையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். துளையிட்டு வளையம் மாட்டுங்கள்.

டின் சுவரின் கனம் ஏறக்குறைய 0.1 மி.மீ.தான்; ஒற்றைத் தகட்டை வளையம் கிழித்துவிடும். மேல்மூடியையும் அடிப்பாகத்தையும் வெட்டி நீக்கிக் கழுவுங்கள். சுருளுக்கு எதிர்ப்பக்கமாக மேசை விளிம்பில் இழுத்தால் தகடு நிமிரும். வேண்டிய அளவைவிடச் சுற்றிலும் 3 மி.மீ. கூடுதலாக வெட்டி, அந்த ஓரத்தை உட்புறம் மடித்துக் குறட்டால் அழுத்துங்கள். பிறகு கழுத்தைக் கீறாது. வட்டத்தில் மடிப்பு சுருங்கிக்கொள்ளும். முதலில் சதுரம், முக்கோணம் போதும். ஓரத்திலிருந்து 4 மி.மீ. தள்ளித் துளையிட்டு, சின்ன ஐலெட் (துளை ஓரத்தைக் காக்கும் உலோகக் குழாய்வளையம்) அடியுங்கள். துளை ஐலெட் குழாயைவிடப் பெரிதானால் ஆடும். 0.8 மி.மீ. கம்பியில் 6 மி.மீ. உள்விட்ட வளையம் சரியாக இருக்கும். அதைத் திறக்கும்போது இரு முனைகளையும் இரண்டு குறடுகளால் முன்னும் பின்னுமாகத் திருகுங்கள். விரித்துப் பிளந்தால் வட்டம் கெட்டு, வாய் மூடாது.

கொக்கி மட்டும் 925 வெள்ளியோ (92.5% வெள்ளி) டைட்டானியமோ ஆக இருக்கட்டும். மலிவுக் கொக்கியில் நிக்கல் இருக்கும். ஒத்துக்கொள்ளாத காது அரித்து நீர் கோத்துக்கொள்ளும்.

மைலோ பானத்தூள் டின் வேறு ஜாதி; அது எஃகு. காந்தம் ஒட்டும், ஈயமும் பிடிக்கும். ஆனால் வெட்டிய ஓரத்தில் துருப்பிடிக்கும். அங்கே வார்னிஷ் தடவுங்கள்.

கேள்வி: லோரோங் கூலிட் பழஞ்சாமான் சந்தையில் வாங்கிய கரண்டியை மோதிரமாக வளைக்கும்போது காம்பில் விரிசல் விழுந்துவிட்டது. ஏன்?
– வாசகர், ஜெலுத்தோங்

பதில்: வளைத்து, நிமிர்த்தி, மறுபடி வளைத்திருப்பீர்கள். ஒவ்வொரு வளைப்பிலும் உலோகம் இறுகும், கடைசியில் விரிசல் விழும். முதலிலேயே அளந்துகொள்ளுங்கள்: மோதிரத்தின் உள்விட்டத்தோடு காம்பின் கனத்தைக் கூட்டி 3.14-ஆல் பெருக்க வேண்டும். 17 மி.மீ. விட்டம், 2 மி.மீ. கனம் என்றால் வெட்ட வேண்டிய காம்பின் நீளம் சுமார் 60 மி.மீ. வெட்டிய முனையை அரத்தால் தேய்த்து, 220, 400, 800 என எண் ஏற ஏற நைசாகும் உப்புத்தாள் போடுங்கள். உலோகம் சற்றுத் திரும்பி விரியும் என்பதால், வேண்டிய விட்டத்தைவிடக் கொஞ்சம் சின்ன இரும்புக்குழாயில் வைத்து, மரச்சுத்தியலால் ஒரே திசையில் தட்டுங்கள். காம்பின் பின்புறம் ‘ஈ.பி.என்.எஸ்.’ முத்திரை இருந்தால் அது வெள்ளிப் பூச்சுதான். அடியில் இருப்பது செம்பு, துத்தநாகம், நிக்கல் கலவை. பூச்சுத் தேய்ந்த இடத்தில் விரல் அரிக்கலாம். சூடுகாட்டி இளக்கப் பார்த்தால் பூச்சு கெட்டுவிடும்.

கேள்வி: கண்ட சாமானைச் சேர்த்து முடுக்கினால் சிற்பமாகிவிடுமா?
– வாசகர், செந்தூல்

பதில்: பிக்காஸோ 1942-இல் சைக்கிள் இருக்கையையும் ஹேண்டில்பாரையும் சேர்த்துக் காளைத்தலை செய்தார். பினாங்கு ஆர்மேனியன் ஸ்திரீட் சுவரில் 2012-இல் வரைந்த பிள்ளைகள் ஏறியிருப்பது நிஜ சைக்கிள். இரண்டிலும் பொருள் தன் அடையாளத்தை இழக்காமலே வேறொன்றாகவும் தெரிகிறது. பெயின்ட் பூசி மறைத்தால் அந்த ருசி போய்விடும் என்பது என் கட்சி. வாசலில் வைப்பதானால் அலுமினியமும் எஃகும் நேரடியாகத் தொடாமல் நடுவே நைலான் வாஷர் போடுங்கள். மழை பட்டால் முதலில் அரிக்கப்படுவது அலுமினியம்தான்.