பிக்கப்பின் முன்பக்கத்தை உயர்த்தும் லெவலிங் கிட்டை வீட்டிலேயே மாட்டலாமா?

கேள்வி: "தஞ்சாவூர் பக்கம் இருக்கிறேன். என் நான்கு கதவு பிக்கப்பின் முன்பக்கம் தாழ்ந்தும் பின்பக்கம் தூக்கியும் நிற்கிறது. லெவலிங் கிட் வாங்கி வீட்டிலேயே மாட்ட முடியுமா? ஆபத்து ஏதும் உண்டா?"

மாட்டலாம். நீடாமங்கலம் பக்கத்தில் எங்கள் நெல் களத்தில் வைத்தே நான் மாட்டினேன், மச்சான் கூட இருந்தார். ஒரு பகல் முழுக்கப் பிடித்தது. ஆனால் கிட் வாங்குவதற்கு முன்னால் ஐந்து சிப்பம் நெல்லும் ஓர் அளவு டேப்பும் எடுத்துக்கொண்டு வண்டியை அளந்து பாருங்கள். எவ்வளவு தூக்க வேண்டும் என்பதை அந்த அளவுதான் சொல்லும்.

பின்பக்கம் தூக்கி நிற்பது கோளாறு இல்லை. இசுஸு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் மாதிரி வண்டிகளில் முன்னால் இரட்டை விஷ்போனோடு (சக்கரத்தைப் பிடிக்கும் மேல் ஆர்ம், கீழ் ஆர்ம்) காயில் ஸ்பிரிங், பின்னால் லீஃப் பிளேட். என்னுடையதும் இந்த வகைதான். பின்னால் சுமை ஏறினால் பிளேட் அமுங்கும், வண்டி மட்டமாகும். அதற்காகவே பின்பக்கத்தை உயர்த்தி வைத்துச் செய்கிறார்கள். காலி வண்டியைப் பார்த்து மட்டம் செய்தீர்கள் என்றால், நெல் ஏற்றியதும் மூக்கு வானத்தைப் பார்க்கும். ஸ்டியரிங் லேசாகிவிடும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

எனக்கு ஏன் தேவைப்பட்டது என்றால், வெண்ணாற்றங்கரைச் சாலை உயரம், எங்கள் களம் பள்ளம். கரையிலிருந்து இறங்கும் சரிவு முடிகிற இடத்தில் வாய்க்கால் மதகு ஒன்று மேடாக நிற்கும். அங்கே முன் பம்பரின் அடி ஒவ்வொரு முறையும் தேய்ந்தது. வண்டி அழகாக மட்டமாக நிற்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது, மறைக்க ஒன்றும் இல்லை.

சரி, அளப்பது எப்படி? தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் காற்றுக்கு ஏற்ப அது மாறும். சக்கரத்தின் நடு மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் எடுங்கள். காலியாக இருந்தபோது எனக்கு முன்னால் 51 செ.மீ., பின்னால் 56 செ.மீ. வந்தது. அப்புறம் கொள்முதல் நிலையத்துக்குப் போகும் 40 கிலோ சிப்பம் ஐந்தைப் பின்னால் ஏற்றினேன். 200 கிலோ, நான் வழக்கமாக ஏற்றுவது அவ்வளவுதான். பின்பக்கம் 53.7-க்கு இறங்கியது, முன்பக்கம் அசையவே இல்லை. ஆக எனக்குத் தேவை 5 செ.மீ. இல்லை, 2.7 செ.மீ. மட்டுமே. உங்கள் வண்டியின் அனுமதிக்கப்பட்ட சுமை எவ்வளவோ, அதற்குள் நீங்கள் தினமும் ஏற்றுவதை வைத்து இதைச் செய்யுங்கள். தினமும் முழுச் சுமை ஏற்றுபவராக இருந்தால் அநேகமாக உங்களுக்குக் கிட்டே தேவைப்படாது.

இங்கே ஒரு விஷயம் பலரைக் குழப்புகிறது. முன்பக்கம் ஸ்பிரிங்குக்கு நடுவே நிற்கும் ஷாக் அப்சார்பரின் தலைக்கு மேலே வைக்கும் தட்டின் (கிட் என்பது இதுதான்) கனமும் வண்டி உயரும் அளவும் ஒன்றல்ல. ஷாக்கின் அடி, கீழ் ஆர்மின் நடுவாக்கில் உட்கார்ந்திருக்கிறது. சக்கரம் ஆர்மின் நுனியில் இருக்கிறது. துலாக் கம்பு மாதிரி, நடுவில் கொஞ்சம் தள்ளினால் நுனி அதிகமாக நகரும். வண்டிக்கு வண்டி வேறுபட்டாலும் தட்டின் கனத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு உயரும் என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு 15 மி.மீ. தட்டு 27 மி.மீ. தூக்கியது. 25 மி.மீ. தட்டு வாங்கியிருந்தால் கிட்டத்தட்ட 45 மி.மீ. ஏறியிருக்கும். லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்கலாமே என்று தோன்றும். வேண்டாம். முன்பக்க எடையே அந்தத் தட்டு வழியாகத்தான் இறங்குகிறது, தட்டில் இருக்கும் போல்ட்டுகளின் தரம் நமக்குத் தெரிய வேண்டும். உங்கள் மாடலுக்கென்றே செய்ததை வாங்குங்கள்.

கிட் இரண்டு வகை. ஒன்று ஷாக்கின் தலைக்கு மேல், வெளியே உட்காரும் தட்டு. இன்னொன்று ஸ்பிரிங்குக்கும் அதன் மேல் மூடிக்கும் நடுவே போவது. அதற்கு ஸ்பிரிங்கை அமுக்கிப் பிரிக்க வேண்டும். இரண்டாவதை வீட்டில் செய்யவே செய்யாதீர்கள். முதல் வகையிலும் ஓர் ஆபத்து அப்படியே காத்திருக்கிறது. பானட்டைத் திறந்தால் ஷாக்கின் தலையில் சுற்றி மூன்று நட்டும் நடுவில் ஒரு நட்டும் தெரியும். நீண்ட காலம் பட்டறை நடத்திய பெரியவர் ஒருவரிடம் முதல் நாள் யோசனை கேட்கப் போனேன். அவர் சொன்னது இதுதான்: "தம்பி, சுத்தி இருக்கிற மூணுதான் உங்களுக்கு. நடுவுல இருக்கிறது எமனோடது, அதுல ஸ்பேனர் படவே கூடாது." அந்த நடு நட்டுதான் அமுங்கிக் கிடக்கும் ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருக்கிறது. அவிழ்த்தால் ஸ்பிரிங் வெடித்துக் கிளம்பும், ஆள் பிழைப்பது அரிது. நான் அதன் மேல் சிவப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினேன்.

இடம் ரொம்ப முக்கியம். நம் பக்கம் வண்டல் களிமண். மேலே காய்ந்து வெடித்திருந்தாலும் எடை ஏறினால் ஜாக் ஸ்டாண்டின் கால் இறங்கும். வீட்டு வாசல் மண்ணில் ஏற்றாதீர்கள். சிமென்ட் களம் இருந்தால் அதுதான் சரி. நான் வைகாசியில், மேட்டூர் திறந்து வயல் வேலை தொடங்குவதற்கு முன்னால், விடிகாலையிலேயே ஆரம்பித்தேன். முதல் நாள் சாயங்காலமே எல்லா போல்ட்டுக்கும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வைத்தாயிற்று. நீங்கள் நாகப்பட்டினம், வேதாரண்யம் மாதிரி கடலோரத்தில் ஓட்டுபவர் என்றால் இரண்டு நாள் முன்பிருந்தே அடியுங்கள், உப்புக் காற்று போல்ட்டை இறுக்கிவிடும்.

வேலை இப்படிப் போகும். வண்டியை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே கொஞ்சம் இளக்கிவிட்டு, முன்பக்கத்தைத் தூக்கி, சேசிஸுக்கு அடியில் இரண்டு ஜாக் ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை நீட்டாதீர்கள். இரண்டு பக்கமும் ஒன்றாகத் தொங்கட்டும். வண்டி பக்கவாட்டில் சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் பாரின் லிங்க் ராடை இரு பக்கமும் கழற்றினால்தான் ஆர்ம் தாராளமாக இறங்கும்.

அடுத்து பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் ஒயரையும் பிடித்திருக்கும் கிளிப்புகள். இடது பக்கம் ஹோஸ் கிளிப்பைக் கழற்ற நான் மறந்துவிட்டேன். ஆர்மை இறக்கும்போது ஹோஸ் வீணைத் தந்தி மாதிரி விறைத்தது. மச்சான் பார்த்துச் சத்தம் போட்டதால் தப்பியது. உள்ளே கிழிந்த ஹோஸ் வெளியே ஒன்றும் காட்டாது. பிறகு ஒரு நாள் பிரேக் மிதிக்கும்போதுதான் தெரியும். அதனால் கூட ஓர் ஆள் இல்லாமல் இதைத் தொடங்காதீர்கள், அவருடைய வேலை ஹோஸையும் ஒயரையும் பார்த்துக்கொண்டே இருப்பதுதான்.

இப்போது கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கியைக் கொடுத்துத் தாங்குங்கள். மேல் பால் ஜாயின்ட்டின் (மேல் ஆர்மையும் நக்கிளையும் இணைக்கும் உருண்டை மூட்டு) ஸ்பிளிட் பின்னை உருவி, நட்டை முழுக்கக் கழற்றாமல் சில மரை விட்டு வைத்து, நக்கிளின் (சக்கரத்தைத் தாங்கும் இரும்பு) பக்கவாட்டில் சுத்தியலால் இரண்டு தட்டு. 'டப்' என்று விடுபடும். பால் ஜாயின்ட்டின் மேலேயோ ரப்பரிலோ அடிக்காதீர்கள். நட்டை எடுத்ததும் நக்கிளை ஒரு கயிற்றால் கட்டி நிறுத்துங்கள். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் அது வெளிப்பக்கம் சாய்ந்தால் ஆக்சிலின் உள் மூட்டு இழுபட்டுக் கழன்றுவிடும். ஷாக்கின் அடி போல்ட், பிறகு மேலே அந்த மூன்று நட்டு. ஷாக் முழுசாக வெளியே வந்துவிடும், நல்ல கனம்.

அதன் தலையில் தட்டை வைத்து, பழைய நட்டுகளாலேயே, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு கொண்டு இறுக்கி, மறுபடி உள்ளே ஏற்றுங்கள். இப்போது தட்டின் புது போல்ட்டுகள் மேலே துளையில் நுழையும். ஷாக் நீண்டுவிட்டதால் அடித் துளை சேராது. கடப்பாரையால் ஆர்மைக் கீழே அழுத்த மச்சான், துளையைப் பார்த்து போல்ட்டைச் செருக நான் என்று சேர்த்தோம். பால் ஜாயின்ட்டுக்குப் புது ஸ்பிளிட் பின். ரப்பர் புஷ் உள்ள ஷாக்கின் அடி போல்ட்டை மட்டும் கடைசியில், சக்கரம் தரையில் நின்று வண்டி தன் எடையில் உட்கார்ந்த பிறகு இறுக்குங்கள். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் பிய்ந்துபோகும். எவ்வளவு இறுக்கம் என்பதை உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்திலிருந்து எடுங்கள், கைக்கணக்கு வேண்டாம். முதல் பக்கத்துக்கு மூன்று மணி நேரம் ஆனது, இரண்டாவது ஒன்றரையில் முடிந்தது.

மாட்டியதோடு வேலை முடியாது. ஸ்டியரிங்கை இரு ஓரமும் திருப்பி, ஹோஸ் எங்காவது இழுபடுகிறதா, மேல் ஆர்ம் ஸ்பிரிங்கில் உரசுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு மெதுவாக ஓட்டி நேராக அலைன்மென்ட்டுக்குப் போங்கள். உயரம் மாறினால் சக்கரக் கோணங்களும் மாறும், விட்டுவிட்டால் டயர் ஒரு பக்கமாகத் தேயும். நான் போன முதல் கடையில் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) மட்டும் பார்த்து அனுப்பிவிட்டார்கள், ஸ்டியரிங் திரும்பி வருவதில் சோம்பல் இருந்தது. வேறு கடையில் கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரத்தின் சாய்வு), கேஸ்டர் (பக்கவாட்டில் பார்த்தால் ஸ்டியரிங் அச்சின் சாய்வு) இரண்டையும் சரிசெய்த பிறகுதான் பழைய நிலை வந்தது. மூன்றையும் எழுதிய தாளைக் கேட்டு வாங்குங்கள்.

ஹெட்லைட்டைத் தயவுசெய்து மறக்காதீர்கள். சக்கர இடைவெளி சுமார் 3 மீட்டர் உள்ள வண்டியில் முன்பக்கம் 27 மி.மீ. உயர்ந்தால், 25 மீட்டர் தொலைவில் ஒளி ஏறக்குறைய ஒரு சாண் மேலே போகும். நம் ஆற்றங்கரைச் சாலைகளில் ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் பள்ளம். எதிரே டிவிஎஸ்ஸில் குழந்தையோடு வருபவருக்குக் கண் கூசினால் ஒதுங்க இடமே கிடையாது. கிட் மாட்டும் முன்பே சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி, லோ பீம் விழும் கோட்டைச் சாக்பீஸால் குறித்து வையுங்கள். முடிந்த பிறகு அதே இடத்தில் நிறுத்தி, ஒளியை அந்தக் கோட்டுக்கு இறக்குங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின் 182ஏ பிரிவில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வாங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள், காப்பீட்டுக்காரரிடம் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள். நான் வாங்கிய பதில் வண்டிக் காகிதங்களோடே இருக்கிறது. வாரண்டி மிச்சமிருந்தால் அதுவும் பாதிக்கப்படலாம்.

பின்பக்க லீஃப் பிளேட்டில் ஒன்றைக் கழற்றிவிட்டால் செலவில்லாமல் மட்டமாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள், வண்டி சுமக்கும் திறனே போய்விடும்.

100 கி.மீ. ஓடியதும் எல்லா நட்டையும் மறுபடி ரெஞ்சு வைத்துப் பார்த்தேன். வலது லிங்க் ராடு நட்டு கொஞ்சம் இளகியிருந்தது, வேகத்தடையில் வந்த 'டக்' சத்தம் அதுதான். அதற்குப் பிறகு ஒரு குறுவை, ஒரு சம்பா அறுவடை முடிந்தது. ஐந்து சிப்பத்தோடு வண்டி மட்டமாக நிற்கிறது. மதகு மேட்டில் பம்பர் தொடுவதில்லை, இரண்டு விரல் இடைவெளி இருக்கிறது.