அம்மை போட்டு விட்டுப்போன பரீட்சை

கேள்வி: கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ்ஸில் கோவைக்குப் போய் என் மகள் பொறியியல் படிக்கிறாள். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி. சராசரி பத்துக்கு 8.9. அம்மை போட்டதால் ஒரு பரீட்சைக்குப் போகவில்லை. அடுத்த தடவை எழுதிப் பாஸானாள். டிஸ்டிங்ஷன் கிடைக்குமா?

பதில்: 8.50 இருந்தால் மட்டும் போதாதம்மா, எல்லாத் தாளிலும் முதல் முறையே தேறியிருக்க வேண்டும். பரீட்சைக்குப் பதிந்துவிட்டுப் போகாவிட்டாலும் எழுதியதாகத்தான் கணக்கு. அப்போதே ‘வித்ட்ராயல்’ மனு, அதாவது அந்தப் பரீட்சையிலிருந்து விலகிக்கொள்ளும் மனு, கொடுத்து அனுமதி வாங்கியிருந்தால் கவலையில்லை, போகாதது எழுதிய ஒரு முறையாகச் சேராது. அந்த அனுமதிக் கடிதம் இருக்கிறதா என்று கல்லூரி அலுவலகத்தில் உடனே கேளுங்கள். இல்லையென்றால் வெறும் முதல் வகுப்புதான். படுக்கையில் கிடந்த பிள்ளையைத் தவறியவர்களோடு சேர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் அந்த 8.9 அவளுடையது, மதிப்பெண் பட்டியலில் அப்படியே இருக்கும்.