பழுதுபார்க்கும் அறை – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஒரு நிறுவனத்தின் மார்க்கெட்டிங் பிரிவில் இருக்கிறேன். கற்பனை வளம் உள்ளவள் என்றுதான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். இப்போது எதை எழுதிக்கொடுத்தாலும் ‘க்ளிக் வருமா?’ என்ற ஒரே கேள்விதான். போதாததற்கு, செயற்கை நுண்ணறிவு ஒரு நிமிடத்தில் இருபது வாசகங்களை எழுதித் தள்ளுகிறது. இரவில் கவிதை எழுதுகிறேன். இந்தத் தொழிலில் என் கற்பனைக்கு இடம் இருக்கிறதா, இல்லை வேலையை விட்டுவிடட்டுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வேலையை விடாதீர்கள். கவிதை அதுபாட்டுக்கு நடக்கட்டும். க்ளிக் கணக்குக் கேட்பவர் மேல் கோபமும் வேண்டாம். காசு போடுகிறவர் கேட்கத்தான் செய்வார்.

என்னை உறுத்தியது வேறு. உங்கள் நிறுவனம் எதை விற்கிறது என்று கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. மருந்தா, மென்பொருளா, மெத்தையா? அதைச் சொல்லாமலேயே கற்பனையைப் பற்றிப் புலம்ப முடிகிறதென்றால், கோளாறு மேலாளரிடம் இல்லை அம்மா.

கிளாட் ஹாப்கின்ஸ் என்ற அமெரிக்க விளம்பர எழுத்தாளரிடம் ஷ்லிட்ஸ் பீர் கம்பெனி வந்தது. அப்போது எல்லா பீர் கம்பெனிகளும் ‘சுத்தமானது’ என்று பெரிய எழுத்தில் கத்திக்கொண்டிருந்தன. யார் காதிலும் ஏறவில்லை. ஹாப்கின்ஸ் ஆலைக்கே போனார். கண்ணாடி அறைக்குள், வடிகட்டிய காற்றில், குழாய்கள் மேல் பீர் சொட்டிக் குளிர்ந்துகொண்டிருந்தது. பாட்டில்களை இயந்திரம் நான்கு முறை கழுவியது. ‘இதையெல்லாம் ஏன் சொல்வதில்லை?’ என்று கேட்டார். ‘எல்லோரும் செய்வதுதானே’ என்றார்கள். செய்தார்கள், சரி, சொன்னவர் இல்லையே. அவர் சொன்னார். ஐந்தாம் இடத்தில் இருந்த ஷ்லிட்ஸ் சில மாதங்களில் முதலிடத்தை எட்டிப்பிடித்தது. இது அவரே சுயசரிதையில் போட்ட கணக்கு. விளம்பரக்காரர் சொன்னது என்பதால் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள்.

டேவிட் ஓகில்வி என்ற இன்னொரு விளம்பர எழுத்தாளரின் 1958 ரோல்ஸ் ராய்ஸ் கார் விளம்பரமும் அப்படித்தான். மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும்போதும் காரில் உரக்கக் கேட்பது மின்கடிகாரத்தின் சத்தம்தான் என்ற அந்த வரி அவர் கற்பனையில் உதித்ததல்ல. காரைப் பற்றி மூன்று வாரம் படித்தவருக்கு, ஒரு மோட்டார் பத்திரிகையின் மதிப்பீட்டில் கிடைத்தது.

நானும் விளம்பரம் எழுதிப் பிழைத்தவன்தான். ஒரு பயணப்பெட்டிக் கம்பெனிக்காக ‘கனவு’, ‘சிறகு’, ‘வானம்’ என்று நாங்கள் அறைக்குள் அளந்துகொண்டிருந்த நாட்களில், பழுதுபார்க்கும் அறைக்குப் போய் உட்கார்ந்தேன். மூலையில் கைப்பிடி பிடுங்கிய பெட்டிகள் குவிந்திருந்தன. அங்கிருந்த பெரியவர் ஒன்றை எடுத்துக் காட்டினார். ‘சக்கரம் அவ்வளவாகப் போகாது தம்பி. கைப்பிடிதான் போகும். ஒரு கையில் குழந்தை இருக்கும், மறு கையால் வெடுக்கென்று ஒரு இழுப்பு. ஆணி எத்தனை நாள் தாங்கும்?’ என்றார். அந்த ஆணியை மாற்றச் சொல்லித்தான் முதலில் சண்டை போட்டோம். மாற்றிய பிறகு, குழந்தையும் பெட்டியுமாகப் படியேறும் ஒரு பெண்ணின் படம் போட்டு, கைப்பிடியைப் பற்றி மட்டும் எழுதினேன். ‘கனவு எங்கே?’ என்று அதிகாரி கேட்டார். பெட்டிகள் விற்றன.

நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடி எழுதுவதைத்தான் அந்த இயந்திரமும் எழுதுகிறது, உங்களைவிட வேகமாக. அந்தப் பெரியவர் வாயைத் திறந்தது பக்கத்தில் ஒரு ஆள் போய் உட்கார்ந்ததால்.

உங்கள் அலுவலகத்தில் புகார்களைக் கேட்கும் பிரிவு எந்த மாடியில் இருக்கிறது? நாளைக்கே போங்கள். மேலாளர் அனுமதிக்க மாட்டார் என்று இன்னொரு கடிதம் எழுதாதீர்கள். சாப்பாட்டு இடைவேளையில் போக யார் அனுமதியும் வேண்டாம்.