45 இடங்களுக்கு அனுப்பியும் ஓர் அழைப்புகூட வரவில்லை. என் ரெஸ்யூமில் என்ன தவறு?

கேள்வியில் நீங்கள் சொன்னது இவ்வளவு: நான்கு வருடம் அக்கவுண்ட்ஸ் வேலை, பிறகு வீட்டில் ஒருவருக்கு உடல்நிலை சரியில்லாமல் 14 மாத இடைவெளி. இப்போது 45 இடங்களுக்கு ரெஸ்யூம் அனுப்பியாயிற்று, ஒரு போன்கூட வரவில்லை. இடைவெளிதான் காரணமா என்று கேட்கிறீர்கள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. இடைவெளிதான் சிக்கல் என்றால் 45 பேரில் இரண்டு பேராவது கூப்பிட்டு, "அந்த 14 மாதம் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டிருப்பார்கள். ஒருவருமே கூப்பிடவில்லை என்றால் பெரும்பாலும் யாரும் அந்த இடம்வரை படிக்கவே இல்லை. (கூப்பிட்டுப் பேசிவிட்டு நேர்காணலில் கழற்றிவிடுகிறார்கள் என்றால் அது வேறு நோய், அதற்கு மருந்தும் வேறு.)

நான் ஹெச்.ஆர். ஆள் இல்லை. கிடங்கு நிர்வாகத்தில் இருக்கிறேன். என் குழுவுக்கு ஆள் எடுக்கும்போது ரெஸ்யூம்களை நானே படிக்கிறேன். அதற்கு முன்னால் ஏழெட்டு மாதம் உங்களைப் போலவே அனுப்பிவிட்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தவன்.

அந்த ஏழெட்டு மாதக் கூத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் ஓர் அழகான டெம்ப்ளேட் கிடைத்தது. இடது பக்கம் கருநீலப் பட்டை, அதில் என் பெயர், போன் நம்பர், மின்னஞ்சல், எல்லாவற்றுக்கும் குட்டிக் குட்டிப் படங்கள். வலது பக்கம் அனுபவம். பார்த்தால் பத்திரிகை அட்டை மாதிரி இருக்கும். எனக்கே பெருமை. கடைசியில், ஆள் எடுக்கும் பிரிவில் வேலை பார்த்த ஒரு நண்பன், வருகிற ரெஸ்யூம்களைப் படித்துப் பிரித்து அடுக்கும் தன் மென்பொருளில் அதை ஏற்றிவிட்டுக் கூப்பிட்டான். "டேய், போன் நம்பரே போடாமல் எப்படி அனுப்புகிறாய்?" போட்டிருக்கிறேனே என்றேன். திரையைப் படம் பிடித்து அனுப்பினான். போன் என்ற கட்டம் காலி. பெயர் என்ற கட்டத்தில் "தலைமைப் பண்பு" என்று இருந்தது.

நடந்தது இதுதான். அந்தக் கருநீலப் பட்டை முழுவதும் ஒரே படம். மென்பொருளுக்குப் படத்துக்குள் இருக்கும் எழுத்து தெரியவில்லை. கண்ணில் பட்ட முதல் எழுத்து, திறன்கள் பட்டியலில் இருந்த "தலைமைப் பண்பு". அதையே என் பெயராக எடுத்துக்கொண்டது. ஏழெட்டு மாதமாக எத்தனையோ நிறுவனங்களின் கணினியில் திருவாளர் தலைமைப் பண்பு, தொடர்பு எண் இல்லாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டிய முதல் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். உங்கள் பி.டி.எஃப்பைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டுங்கள். பெயர், தொடர்பு எண், பதவி, நிறுவனம், தேதி என்று ஒரு மனிதர் படிக்கிற வரிசையில் வந்தால் பிழைத்தீர்கள். இடது, வலது பத்திகள் இரண்டும் பின்னிக்கொண்டு, "அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட்" என்ற வரிக்கு நடுவே "டேலி, எக்செல்" வந்து விழுந்தால் டெம்ப்ளேட்டைத் தூக்கிப் போடுங்கள். இடது, வலது என்று பிரிக்காத ஒரே பத்தி, சாதாரண எழுத்துரு, சாதாரணத் தலைப்புகள். தொடர்பு விவரத்தை வேர்டில் ஒவ்வொரு பக்கத்தின் மேலும் தானாக வரும் ஹெடர் பகுதியில் வைக்காதீர்கள், அதைப் படிக்காமல் தாண்டிப் போகும் மென்பொருள்கள் உண்டு. கட்டங்கள், அட்டவணைகள், படங்கள் எதுவும் வேண்டாம்.

இந்த மென்பொருளைப் பற்றி ஊதிப் பெருக்கிய பயம் ஒன்று உலவுகிறது. ரோபோ முக்கால்வாசி ரெஸ்யூமைக் கிழித்துப் போடுகிறது என்பார்கள். நான் பயன்படுத்திப் பார்த்தவரை அது ஓர் அலமாரி, அவ்வளவுதான். அடுக்கி வைக்கும், தேடினால் எடுத்துக் கொடுக்கும். தானாகத் தள்ளிவிடுவது பெரும்பாலும் விண்ணப்பப் படிவத்தில் கேட்கும் ஆம்/இல்லைக் கேள்விகளால். உரிமம் இருக்கிறதா, இரவு ஷிஃப்டுக்கு வருவீர்களா போன்றவை. ஆனால் தேடல் இருக்கிறதே, அது முக்கியம். விளம்பரத்தில் "அக்கவுண்ட்ஸ் பேயபிள்" என்று இருக்கிறது, நீங்கள் "வெண்டார் பில் வேலை" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றுதான் என்று எனக்கும் உங்களுக்கும் தெரியும். தேடல் பெட்டிக்குத் தெரியாமல் போகலாம். அவர்கள் சொல்லையே எழுதுங்கள், அந்த வேலையை உண்மையிலேயே செய்திருந்தால். வெள்ளை நிறத்தில் நூறு சொற்களை ஒளித்து வைக்கும் தந்திரம் வேண்டவே வேண்டாம். மென்பொருள் நிறத்தைக் கழற்றிவிட்டு வெறும் எழுத்தாகக் காட்டும்போது அத்தனையும் பல்லிளிக்கும்.

சரி, மனிதர் கைக்கு வந்துவிட்டது. எப்படிப் படிக்கிறோம் தெரியுமா? படிப்பதில்லை, சலிக்கிறோம். லேடர்ஸ் என்ற வேலைவாய்ப்பு நிறுவனம் 2018-ல் ஆள் எடுப்பவர்களின் கண்ணசைவைப் பதிவு செய்து பார்த்தபோது, முதல் பார்வை சராசரியாக 7.4 விநாடி என்று வந்தது. நானும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கடைசியாக என்ன பதவி, எங்கே, எத்தனை வருடம், அதற்குக் கீழே முதல் வரி. அந்த முதல் வரி என்னை நிறுத்தினால் மேலே படிப்பேன்.

அந்த வரியைத்தான் பெரும்பாலானவர்கள் வீணடிக்கிறார்கள். நானும் வீணடித்தேன். என் பழைய ரெஸ்யூமில் இருந்தது இது:

"கிடங்கில் சரக்கு இருப்பைப் பராமரிக்கும் பொறுப்பு வகித்தேன்."

பொய் ஒன்றுமில்லை. ஆனால் கிடங்கில் வேலை பார்த்த எவரும் இதை எழுதலாம், வேலையை ஒழுங்காகச் செய்யாமல் அனுப்பப்பட்டவர் உட்பட. அதே நண்பன் போனில் என்னைக் குடைந்தான்.

"எத்தனை பொருள்?"

"1,200 வகை இருக்கும்."

"எப்போது எண்ணுவீர்கள்?"

"முன்பெல்லாம் வருடக் கடைசியில், இரண்டு நாள் கிடங்கை மூடிவிட்டு. இப்போது தினமும் ஐம்பது வகை எண்ணுகிறோம். மாதத்துக்கு ஒரு சுற்று வந்துவிடும்."

"அதை மாற்றியது யார்?"

"நான்தான்."

"அடப்பாவி. அதை எங்கே எழுதியிருக்கிறாய்?"

எழுதவில்லை. தினமும் செய்கிற வேலையாயிற்றே, அதில் எழுத என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அன்று இரவு அந்த வரி இப்படி ஆனது:

"1,200 வகைச் சரக்குள்ள கிடங்கில், ஆண்டுக் கணக்கெடுப்புக்குப் பதிலாகத் தினசரிக் கணக்கெடுப்பைக் கொண்டுவந்தேன். ஏட்டோடு ஒத்துவராத வகைகள் ஓராண்டில் 110-லிருந்து 20 ஆகக் குறைந்தன. கிடங்கை இரண்டு நாள் மூடுவது நின்றது."

அதற்குப் பிறகு போன நேர்காணல்கள் எல்லாவற்றிலும் முதல் கேள்வி இதைப் பற்றித்தான்: "ஆட்கள் ஒத்துக்கொண்டார்களா? அந்த ஐம்பதை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?" எனக்கு அதில் தெரியாத மூலை கிடையாது. அரை மணி நேரம் பேசுவேன். அப்போதுதான் பிடிபட்டது, எந்தக் கேள்வியை நம்மிடம் கேட்க வேண்டும் என்று விரும்புகிறோமோ அதைக் கேட்க வைக்கிற வரியை எழுத வேண்டும். இன்றும் ரெஸ்யூம் படிக்கும்போது "எப்படிச் செய்தார்?" என்று எனக்குள் கேள்வி எழுந்தால் அந்த ஆளைக் கூப்பிட்டுவிடுவேன்.

உங்கள் அக்கவுண்ட்ஸ் வேலைக்கும் இதே குடைச்சல்தான். மாதத்துக்கு எத்தனை இன்வாய்ஸ் உங்கள் கை வழியாகப் போனது? மாதக் கணக்கை முடிக்க எத்தனை நாள் பிடித்தது, நீங்கள் வந்த பிறகு அது மாறியதா? ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போக இருந்ததை எப்போதாவது பிடித்தீர்களா? நீங்கள் போட்ட எக்செல் ஷீட்டை அலுவலகத்தில் இன்னும் யாராவது பயன்படுத்துகிறார்களா? புதிதாக வந்தவருக்கு யார் வேலை சொல்லிக் கொடுத்தது? இவற்றில் மூன்றுக்குப் பதில் இருந்தால் உங்கள் ரெஸ்யூமின் மேல்பாதி தயார்.

எண் இல்லையென்றால் இட்டுக்கட்டி எழுதாதீர்கள். "பணித்திறனை 37% உயர்த்தினேன்" என்று ஒருவர் எழுதியிருந்தார். எதை அளந்து 37 வந்தது என்று கேட்டேன். மேசையைப் பார்த்தார். உண்மையில் அவர் செய்தது நல்ல வேலை, மூன்று படிவங்களை ஒன்றாக்கியிருந்தார். அதை அப்படியே எழுதியிருந்தாலே போதும். திறனை அளவுப் பட்டை வரைந்து காட்டுவதும் இதே ரகம். எக்செல் 80% என்றால் மீதி 20% எங்கே போனது? அதைவிட, எக்செலில் என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி.

ஏ.ஐ.யிடம் கொடுத்து எழுதலாமா என்று அடுத்து கேட்பீர்கள். எழுத்துப்பிழை திருத்தவும், நீண்ட வரியைச் சுருக்கவும் கொடுங்கள். முழுவதையும் அதையே எழுதச் சொன்னால், அதே வாரம் எனக்கு வந்த இன்னும் முப்பது ரெஸ்யூம்களின் குரலில்தான் எழுதும். ஆற்றல்மிக்க, முடிவுகளை நோக்கிச் செயல்படும், சவால்களை விரும்பும். ஒன்றில் "[இங்கே எண்ணை நிரப்பவும்]" என்பது அப்படியே இருந்தது. நிரப்ப மறந்துவிட்டார், பாவம்.

ஒரே ரெஸ்யூமை 45 இடங்களுக்கும் அனுப்பினீர்களா? கேள்வியில் நீங்கள் சொல்லவில்லை, ஆனால் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். லியோனார்டோ டா வின்சி 1482 வாக்கில், முப்பது வயதில், மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவுக்கு வேலை கேட்டு ஒரு கடிதம் எழுதினார். ஓவியரின் கடிதம் என்றால் ஓவியத்தில் ஆரம்பிக்கும் என்று நினைப்போம். அவர் ஆரம்பித்தது எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய பாலங்களில். பிறகு முற்றுகை, பீரங்கி, சுரங்கவழி, கவச வண்டி என்று வரிசையாகப் போர்க்கருவிகள். சிற்பமும் ஓவியமும் கடைசியில்தான் வருகின்றன. படிக்கப்போகிறவருக்குப் போர்தான் கவலை என்று தெரிந்து வரிசையை மாற்றியிருக்கிறார். முடிவில், இதில் எதையாவது நடக்காது என்று நினைத்தால் உங்கள் தோட்டத்திலேயே செய்து காட்டுகிறேன் என்கிறார். அந்தத் துணிச்சல் நமக்கு வேண்டாம், வரிசை மாற்றும் புத்தி போதும்.

நான் செய்வது: செய்த வேலைகள் அத்தனையும் எழுதி வைத்த ஒரு நீளமான கோப்பு, எனக்கு மட்டும். ஆறேழு பக்கம் ஓடும். விளம்பரத்தைப் படித்ததும் அவர்கள் முதலில் கேட்கும் மூன்று விஷயங்களுக்கு இதிலிருந்து பொருத்தமான வரிகளை எடுத்து மேலே வைப்பேன். இருபது நிமிட வேலை. 45 இடத்துக்கு இப்படிச் செய்ய முடியாது, உண்மைதான். பன்னிரண்டு இடத்துக்குச் செய்யலாம்.

புகைப்படம், பிறந்த தேதி, திருமணமானவரா என்பதெல்லாம் கேட்டால் தவிர வேண்டாம். வேலைக்குத் தேவையில்லாத விவரம் உங்களுக்கு எதிராகத்தான் வேலை செய்யும். பொருளாதார ஆய்வாளர்கள் மரியன் பெர்ட்ராண்டும் செந்தில் முல்லைநாதனும் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், பாஸ்டன், சிகாகோ நகரங்களில் வந்த விளம்பரங்களுக்கு ஏறத்தாழ 5,000 கற்பனை ரெஸ்யூம்களை அனுப்பினார்கள். வெள்ளையர் பெயர் என்று தோன்றும் பெயர்களுக்குக் கறுப்பினத்தவர் பெயர்களைவிட 50% அதிகமாக அழைப்பு வந்தது. பெயரை நாம் மாற்ற முடியாது. கொடுக்க வேண்டாத மற்றதையாவது கொடுக்காமல் இருக்கலாம்.

நான்கு வருட அனுபவத்துக்கு ஒரு பக்கம் தாராளம். மின்னஞ்சல் முகவரி கல்லூரிக் காலத்துச் செல்லப்பெயரில் இருந்தால் புதிதாக ஒன்று ஆரம்பியுங்கள். கோப்பின் பெயர் உங்கள் பெயராக இருக்கட்டும். "ஃபைனல் நியூ 3" என்ற பெயரில் என்னிடம் நான்கு பேர் இருக்கிறார்கள்.

இனி இடைவெளி. அதை மறைக்க மாதங்களை எடுத்துவிட்டு வருடங்களை மட்டும் போடுவார்கள். பார்த்த உடனே தெரிந்துவிடும். தெரிந்த பிறகு இடைவெளியைவிட மறைத்ததுதான் உறுத்தும். உங்கள் கடைசி வேலைக்கு மேலே, தேதியோடு ஒரே வரி: "குடும்பத்தில் ஒருவரைப் பராமரிப்பதற்காக 14 மாதம் வேலையிலிருந்து விலகியிருந்தேன். இப்போது முழுநேர வேலைக்குத் தயார்." என்ன நோய், யாருக்கு என்பதெல்லாம் யாருக்கும் வேண்டாம். வருத்தம் தெரிவிக்கும் தொனியும் வேண்டாம். அந்தக் காலத்தில் தெரிந்தவர் ஒருவருக்குக் கணக்கு எழுதிக் கொடுத்திருந்தாலோ ஏதாவது கற்றிருந்தாலோ சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இல்லை.

46-வது இடத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் அந்த நோட்பேட் சோதனையைச் செய்துவிடுங்கள். உங்கள் பெயராக என்ன வருகிறது என்று எனக்கும் சொல்லுங்கள்.