அம்மா ஏன் இரண்டே நிமிஷத்தில் போனை வைத்துவிடுகிறார்?

கேள்வி: 74 வயது அம்மா மாயவரத்தில் தனியாக இருக்கிறார். சர்க்கரை, பிரஷர் உண்டு. நான் மெல்போர்னில். தினமும் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு இரவு ஒன்பதரைக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிடுகிறேன். ‘சாப்பிட்டேன், நல்லா இருக்கேன், வெச்சிடவா?’ அவ்வளவுதான் பேச்சு. பல நாள் எடுப்பதே இல்லை. சத்தமாகப் பேசினால் ‘ஏன் கத்துறே’ என்று கோபம். அம்மா என்னைவிட்டு விலகுகிறாரா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: விலகலா என்று யோசிக்கும் முன் அம்மாவின் காதைக் கவனியுங்கள். வயதானால் முதலில் மங்குவது கீச்சென்ற, உயர்ந்த ஒலிகள். ‘பத்து’, ‘சத்து’, ‘கத்து’ மூன்றும் ஒன்றுபோலக் கேட்கும். ஆண் குரலைவிடப் பெண் குரலும் குழந்தைக் குரலும் பிடிபடுவது கடினம். அதனால்தான் மாப்பிள்ளை பேசினால் புரிகிறது, மகள் பேசினால் புரிவதில்லை. கத்தினால் உயிரொலிதான் பெரிதாகிறது, மங்கிய மெய்யெழுத்து தெளிவதில்லை. கூடவே, கேட்பவருக்கு அது அதட்டலாகவும் படுகிறது. குரலைத் தாழ்த்தி, ஒரு வாக்கியம் முடித்து, நிறுத்தி, அடுத்ததைச் சொல்லுங்கள். வீடியோவில் வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் உங்கள் உதடு தெரியாது. அங்கே மேஜையில் ஒரு மொபைல் ஸ்டாண்ட் இருந்தால், மின்விசிறிக்குப் பதில் அம்மா முகம் தெரியும்.

காது மருத்துவரிடம் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். சில சமயம் வெறும் குறும்பி அடைப்புதான். காது மெஷின் வாங்கினால் முதல் வாரத்திலேயே ‘ஒரே இரைச்சல்’ என்று பீரோவுக்குள் போய்விடும். பழகச் சில வாரம் ஆகும். திரும்பப் போய் ஒலியைச் சரிசெய்துகொள்ளவும் வேண்டும்.

எடுக்காமல் இருப்பதற்குப் பாதி நேரம் போன்தான் குற்றவாளி. பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று சில ஆண்ட்ராய்டு போன்கள், திரை அணைந்ததும் வாட்ஸ்அப்பைத் தூங்கவைத்துவிடும், மணி அடிக்காது. செட்டிங்ஸில் ஆப்ஸ், வாட்ஸ்அப், பேட்டரி என்று போய் ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ வையுங்கள். காலை வணக்கப் படங்கள் இடத்தை அடைக்காமலிருக்க, ஆட்டோ டவுன்லோடை நிறுத்துங்கள். உங்கள் சாட்டைத் திறந்து மூன்று புள்ளியைத் தொட்டு, ‘மோர்’ போய் ‘ஆட் ஷார்ட்கட்’ கொடுத்தால் உங்கள் படம் முகப்பிலேயே வந்துவிடும். பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பிள்ளைக்குப் பத்து நிமிட வேலை. டேட்டா பேக் முடியும் தேதியை நீங்களே குறித்துவைத்து ரீசார்ஜ் செய்யுங்கள்.

அப்புறம் நேரம். உங்கள் ஒன்பதரை அங்கே மாலை 5 மணி. அக்டோபர் முதல் ஞாயிறன்று உங்கள் ஊர்க் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போனதும், அது அங்கே 4 ஆகிவிடும். அம்மா கண்ணயர்ந்திருக்கும் நேரம். ஏப்ரல் வரை இப்படித்தான். உங்கள் மதிய இடைவேளை 12:30 என்றால் அங்கே காலை 8, உங்கள் ஊர்க் கோடையில் 7. காபி ஆகி, பேச்சுக்குத் தெம்பான வேளை. களைத்துப்போய் ஏழு நாள் கூப்பிடுவதைவிட, சொல்லிவைத்து மூன்று நாள் கூப்பிடுவது மேல்.

‘சாப்டாச்சா?’ என்றால் ‘ஆச்சு’தான் வரும். ‘இன்னிக்கு என்ன குழம்பு? இன்னிக்கு வெச்சதா, நேத்து மீந்ததா?’ என்று கேளுங்கள். நாலு நாளாக மோர்சாதம் என்றால் அடுப்பு மூட்டவே அலுப்பாயிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். நார்த்தங்காயை வாங்கிவந்து போன் எதிரில் நறுக்குங்கள். உப்பு எவ்வளவு என்று அவரே திருத்துவார். இடையே பத்து நிமிஷம் யாரும் பேசாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் சங்கடங்களிலும் ஒன்றிரண்டைச் சொல்லுங்கள். நல்ல செய்தி மட்டுமே அனுப்பும் மகளுக்கு நல்ல செய்தி மட்டும்தான் திரும்பி வரும். ‘வெச்சிடவா?’வுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம்: எஸ்.டி.டி. பூத்தில் மீட்டர் ஓடியதைப் பார்த்த தலைமுறை அது. ‘எவ்வளவு பேசினாலும் காசு ஏறாதும்மா’ என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

பேச்சில் வேறொன்றையும் கவனிக்க வேண்டும். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று திடீரென்று குழம்பிப் பேசினால் ‘வயசாச்சு’ என்று விடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு (சில பிரஷர் மாத்திரைகளால் வரும்), சர்க்கரை 70க்குக் கீழே இறங்குவது என எதுவாகவும் இருக்கலாம். சர்க்கரையை உடனே பார்க்கச் சொல்லுங்கள், அன்றைக்கே மருத்துவர். நாக்கு குழறினாலோ, வாய் ஒருபக்கம் கோணினாலோ உடனடியாக 108. மாதக்கணக்கில் கேட்டதையே கேட்கிறார் என்றால் நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஆனால் மெல்போர்னிலிருந்து 108ஐ அழைக்க முடியாது. ஆகவே பத்து நிமிஷத்தில் வாசலுக்கு வரக்கூடிய இரண்டு பேர் வேண்டும். சென்னையிலிருக்கும் சித்தப்பா இதற்கு உதவமாட்டார். எதிர்வீட்டு அக்கா, மருந்துக்கடைக்காரர் போன்றவர்கள்தான் சரி. அம்மாவிடம் கேட்டுக்கொண்டு ஒருவரிடம் மாற்றுச் சாவி, இருவரிடமும் மாத்திரைச் சீட்டின் நகல் கொடுங்கள். ஒன்றுமில்லாத நாளிலும் அவர்களிடம் இரண்டு வார்த்தை பேசிவையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் எண்ணைப் பார்த்ததுமே அவர்களுக்குப் பகீரென்றிருக்கும்.